சோஃபுஸ் கடிக்கவில்லை

இங்கெலிஸ் க்ரோ சிரித்தால், கீழே காவலறையில் குடித்துவிட்டுக் கிடப்பவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள் என்று கிராவ்ஹாவ்ன் என்ற துறைமுக ஊரின் போலீஸ் நிலையத்தில் சொல்வார்கள். நல்ல உயரம், கயிறு போல முறுக்கிய செம்பட்டைப் பின்னல், மேற்குக் கடற்கரைக் காற்று எவ்வளவு அடித்தாலும் தொப்பி போட மறுக்கும் தலை. அப்பா பீட்ரூட் லாரி ஓட்டியவர். இவள் கால்நடை டாக்டராக ஆசைப்பட்டு, வேதியியல் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, பிராணிகளோடு காலம் தள்ள வேறு என்ன வழி என்று பார்த்துப் போலீஸில் சேர்ந்தாள். நாய்ப் பிரிவில் இடம் கிடைத்த அன்று இருந்த அளவுக்குக் கல்யாணத்தன்றுகூட அவள் சந்தோஷமாக இல்லை என்று அவள் கணவன் வில்லி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். துறைமுகத்துக்கும் மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் இடையே பஸ் ஓட்டுபவன் வில்லி. ஆகவே ஊரெல்லாம் என்றால் உண்மையிலேயே ஊரெல்லாம்தான்.

சோஃபுஸ் அவளுடைய மூன்றாவது நாய். ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஜெர்மன் ஷெப்பர்டு. மணல்மேட்டில் வழி தவறிப்போன மறதிக்கார முதியவரைக் கண்டுபிடித்தவன், வைக்கோல் போருக்குள் ஒளிந்த திருடனைத் தும்ம வைத்தே பிடித்தவன். அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஒரே ஒரு பயம் இருந்தது. பேண்டு வாத்தியம் கேட்டால் நடுங்குவான். டிரம்பெட் ஒலித்தால் இங்கெலிஸின் இரண்டு கால்களுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொள்வான். அதனால் ஆகஸ்ட் மாதத்துத் துறைமுகத் திருவிழாவின்போது அவனை வண்டியின் பின்கூண்டுக்குள் விட்டு, ஜன்னலுக்குப் போர்வை போட்டு மூடிவைப்பது அவள் வழக்கம்.

அந்த வருஷத் திருவிழாவில் சனிக்கிழமை மதியம், ஓய்வுபெற்ற மீனவர் கிரெஸ்டென் தம் வீட்டு ஜன்னலடியில் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்த பேண்டுக் குழுவின் மேல் புகைபோட்ட ஹெர்ரிங் மீன்களை வீச ஆரம்பித்தார். கிரெஸ்டெனை ஊரில் யாருக்கும் பிடிக்காது. கடற்காக்கைகள் அதிகமாகக் கத்துகின்றன, சர்ச் மணி சீக்கிரம் அடிக்கிறது, நகராட்சி போட்ட பெஞ்சு முதுகைக் குத்துகிறது என்று வாரம் ஒரு புகார் கொடுப்பவர். அன்றைக்குப் புகார் கொடுக்கப் பொறுமையில்லாமல் நேரடியாக இறங்கிவிட்டார். ஒரு மீன் பல்டாக்டர் மெரெத்தெயின் டிராம்போன் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கூட்டம் கைதட்டியது. கிரெஸ்டென் நிறையக் குடித்திருந்தார்.

டோர்பென் ராவ்னும் இன்னொரு போலீஸ்காரரும் அவரை வேனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டோர்பென் இங்கெலிஸோடு பல வருஷம் ரோந்து போனவன். வில்லி இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்துக்கிடந்த குளிர்காலத்தில் தினமும் விடியலில் வந்து அவர்கள் வாசல் பனியை வாரிப் போட்டவன். பெண்பிள்ளைகளுக்கு ஹேண்ட்பால் சொல்லிக்கொடுப்பவன். அந்த வசந்தத்தில்தான் அவன் மனைவி அவனை விட்டுப் போயிருந்தாள். வேலையில் அதைக் காட்டிக்கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருந்தான்.

இன்னொரு போலீஸ்காரர் பேண்டுக்காரர்களைச் சமாதானப்படுத்தத் திரும்பிப் போனார். இங்கெலிஸ் பக்கத்தில் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து, கூண்டுக்கம்பி வழியாக சோஃபுஸுக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். வேனுக்குள் உட்கார்ந்த கிரெஸ்டென் ஒரு கையை வெளியே நீட்டி, விரலை ஆட்டி ஆட்டி டோர்பெனிடம் பேசினார்.

"உன் பொண்டாட்டி ஏன் ஓடினான்னு இப்பத்தான்டா புரியுது. மூஞ்சியப் பாரு, ஊசிப்போன மீன் மாதிரி."

டோர்பென் கதவைச் சாத்தினான். கை நடுவில் இருந்தது. கதவு திரும்பி வந்தது. மறுபடியும் சாத்தினான்.

இங்கெலிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பெயரைச் சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. காற்று, கதவைக் காற்று தள்ளிவிட்டது என்று முணுமுணுத்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து கிரெஸ்டெனின் கையைக் கட்டினாள். மணிக்கட்டு உடைந்திருந்தது, முன்கைத் தோல் கிழிந்திருந்தது. அவரோ வலிக்காக அலறுகிறாரா, மறுபடி ஆரம்பித்த பேண்டுக்காக அலறுகிறாரா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் அவள் வில்லியிடம் ஒன்றும் சொல்லவில்லை. காற்றாகவே இருக்கட்டும் என்று ஞாயிறு முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஊரில் காற்றுக்கு என்ன பஞ்சம்?

திங்கட்கிழமை நாய்ப் பயிற்சித் திடலுக்கு டோர்பென் ஒரு பை நிறைய இலவங்கப்பட்டை பன்களோடு வந்தான். வேலி மேல் சாய்ந்துகொண்டு, சோஃபுஸ் தாண்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இங்கெ, ஒரு சின்ன விஷயம். கிரெஸ்டென் திமிறினான், நீ நாயை ஏவினே, நாய் கையப் புடிச்சுது. ரிப்போர்ட்டுல அப்படித்தான் எழுதியிருக்கேன். யாராவது கேட்டா ஆமான்னு சொல்லிடு."

"சோஃபுஸ் கூண்டுக்குள்ளதானே இருந்தான்."

"அது யாருக்குத் தெரியும்? எனக்கு என்ன ஆச்சுன்னே ஞாபகம் இல்லன்னு அந்தாளே ஆஸ்பத்திரில சொல்லியிருக்கான். போலீஸ் நாய் கடிச்சா அது வேலை. நான் கைய நசுக்கினா அது குத்தம். நடுவுல ஒரே ஒரு வார்த்தை, இங்கெ. யாருக்கும் நஷ்டமில்ல. நாய்க்கும் இல்ல."

அவள் கையிலிருந்த பன்னில் பாதியைத் தின்றிருந்தாள்.  பயிற்சி நேரத்தில் இனிப்புக் கொடுக்கக் கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிறவள், அன்று மீதியை சோஃபுஸின் வாயில் போட்டாள்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வில்லியிடம் கொட்டினாள். டோர்பென் மேல் தனக்குக் கோபம்கூட வரவில்லை, அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்றாள். வேனுக்குள் உட்கார்ந்திருந்த கிழவர் மேல் நாயை ஏவினேன் என்று எப்படிச் சொல்வது என்றாள். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, சோஃபுஸ் அப்படிச் செய்யவே மாட்டான், அவன் மேல் பழி போடுவதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது என்றாள்.

வில்லி கத்தியை வைத்துவிட்டுச் சொன்னான். "சனிக்கிழமையே ஏதோ இருக்குன்னு தெரியும். ரெண்டு நாளா நீ சிரிக்கல. பக்கத்து வீட்டுல வந்து நீ நல்லாருக்கியான்னு கேட்டுட்டுப் போறாங்க."

மறுநாள் அவள் நிலைய அதிகாரி ஹென்னிங்கின் அறைக்குப் போனாள். ஹென்னிங் கெட்டவர் இல்லை. சத்தம் பிடிக்காதவர். யாருக்குள் சண்டை வந்தாலும் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட வேண்டும் அவருக்கு. அவள் கண்டதைக் கண்டபடி சொன்னாள். அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"காத்துல சாத்தியிருக்கும், இங்கெலிஸ்."

"ரெண்டு தடவையா?"

அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு திரும்பினார். "அப்போ நாய் நீ ஏவாமலே கடிச்சுதுங்கிறியா?"

"நாய் கடிக்கவே இல்லங்கிறேன்."

"ஆஸ்பத்திரில நாய்க்கடின்னு எழுதியாச்சு. டோர்பெனும் அப்படித்தான் சொல்றான். நீ ஏவலைன்னா, சொன்ன பேச்சு கேக்காம கடிக்கிற நாய்னு ஆயிடுது. அப்படிப்பட்ட நாய வேலையில வெச்சுக்க முடியுமா? நல்லா யோசிச்சுட்டு வா. அவசரமில்ல."

நல்ல மனிதர்கள் மிரட்டும்போது அது மிரட்டல் மாதிரியே இருப்பதில்லை என்று அவள் பின்னாளில் வில்லியிடம் சொன்னாள். அந்த அறையைவிட்டு வெளியே வரும்போது தனக்கு ஏதோ உதவி செய்தார் என்றே தோன்றியதாம். மாடிப்படி இறங்கி முடிக்கும்போதுதான் விஷயம் உறைத்தது. தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் போனாள். அவர் டோர்பெனோடு ஞாயிறுதோறும் மீன்பிடிக்கப் போகிறவர். நடுரோட்டில் ஆபத்தில் நின்று நீ ரேடியோவில் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பார் என்றார். யோசித்தாள். யோசித்துவிட்டு, போலீஸ்காரர்கள் மேல் வரும் புகார்களைப் போலீஸுக்கு வெளியே இருந்து விசாரிக்கும் தனி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பெயரைச் சொல்ல விருப்பமா, ரகசியமாக வைக்கலாமா என்று எதிர்முனையில் கேட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே நின்றது நாங்கள் மூன்று பேர், ஒருவர் குடிபோதையில், ஒருவர் அந்த அறிக்கையை எழுதியவர், ரகசியம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

அடுத்த வாரமே சோஃபுஸைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். காரணம், ஏவலின்றிக் கடித்தது. நிலையத்துக்குள் அவன் காலடி வைக்கக் கூடாது. நாய் இல்லாத நாய்க்காரிக்கு என்ன வேலை? அவளைத் தரைத்தளத்துக்குக் கீழே, தொலைந்த பொருள்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். தற்காலிகமாக என்றார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. குடைகள் இருந்தன, ஒற்றைச் செருப்புகள் இருந்தன, ஒரு கல்யாண உடுப்பு, பஞ்சடைத்த அன்னம், டப்பாவில் ஒரு பல்செட். மேலே மாடியில் அவளுக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். நாய் வக்கீல். காலையில் படியேறுகிறவர்கள், "வக்கீலம்மா, கட்சிக்காரர் சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் அவள் நாற்காலியில் அவள் பெயர் எழுதிய நாய்க்கிண்ணம் ஒன்று காய்ந்த கறுப்பு ரொட்டியோடு இருந்தது. ரொட்டியைக் குப்பையில் போட்டாள். கிண்ணத்தைக் கழுவி, தொலைந்த சாவிகள் போட்டு வைத்தாள். பிறகு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "நாய் வக்கீல், நேரில் வரவும்" என்று எழுதிக் கவுண்டருக்கு மேல் தொங்கவிட்டாள்.

எல்லாவற்றையும் சிரித்தே கடந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் யாராவது ஒருவர் சூடான ரொட்டிகள் வாங்கிவருவதும் எல்லோரும் நின்றபடியே வெண்ணெய் தடவித் தின்பதும் அந்த நிலையத்தில் அவள் சேர்ந்த நாளிலிருந்து நடப்பது. ஒரு வெள்ளி அவள் மேலே போனபோது மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வெள்ளியும் அப்படியே. அரை மணி முன்கூட்டி வைத்துக்கொள்வதென்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள், அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. நாயை எடுத்தபோது அழாதவள், வேலையை மாற்றியபோது அழாதவள், அன்று கீழே வந்து குடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். வெறும் ரொட்டிக்கு இப்படி அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

சோஃபுஸின் பாடு தேவலை. வீட்டில் தனியாக இருந்தால் சோபாவைத் தின்றுவிடுவான் என்று வில்லி அவனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டான். ஓட்டுநருக்குப் பின் சீட்டு அவனுடையதாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிமார்கள் கைப்பையில் இறைச்சி உருண்டை கொண்டுவர ஆரம்பித்தார்கள். பிரசவத்துக்குப் போன ஒரு பெண் வழி முழுக்க அவன் காதைப் பிடித்துக்கொண்டே போனாள். பேச்சு கேட்காமல் கடிக்கிற நாய் என்று காகிதத்தில் இருந்தது. காலையும் மாலையும் ஊர் முழுக்க அந்த நாயைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹென்னிங்கின் மாமியாரே ஈரல் பூசிய ரொட்டியை அவனுக்கு ஊட்டுகிறவர்களில் ஒருவர் என்பதால், நாய் பஸ்ஸில் வரலாமா என்ற கேள்வியை நிலையத்தில் யாரும் எழுப்பவில்லை. இரண்டே மாதத்தில் அவனுக்கு இடுப்பு என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

அக்டோபரில் ஒருநாள் கிரெஸ்டென் தொலைந்த பொருள்கள் கவுண்டருக்கு வந்தார். கையில் இன்னும் கட்டு இருந்தது. எதையும் தொலைக்கவில்லை. சண்டை போட வந்திருந்தார். போலீஸ் நாய் கடித்ததென்று நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருக்கிறாராம். இவள் குறுக்கே புகுந்து நாய் கடிக்கவில்லை என்று சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிறாளாம்.

"கடி வாங்கினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. எல்லாரும் நாய்னாங்க. நாய்னுதான் நானும் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

அவள் அவரை உள்ளே கூப்பிட்டு, பஞ்சடைத்த அன்னத்தை நகர்த்தி வைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். காப்பி ஊற்றிக் கொடுத்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவர் டோர்பெனிடம் என்ன சொன்னார் என்பதையும் விடாமல் சொன்னாள். கிரெஸ்டென் கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமையே பாத்தே. செவ்வாக்கிழமைதான் வாயத் தொறந்தே. ஏன்?"

அதற்கு நல்ல பதில் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்படிப் பேச வராது.

"டோர்பென் என் சிநேகிதன். உங்கள எனக்குப் புடிக்காது. நாய் மேல பழி போட்டப்பதான் பொறுக்கல."

கிரெஸ்டென் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். ஊரில் யாரும் கேட்டிராத, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சிரிப்பு.

"அப்போ, அந்த நாய் இல்லன்னா நம்ம கதி அவ்வளவுதான். சரி போ. உங்களுக்கெல்லாம் அந்த நாய் அளவுக்குக்கூட நான் ஒரு ஆளாத் தோணலியே."

"தோணியிருக்கணும். தப்புதான்."

"எனக்கே என்னப் புடிக்காதும்மா," என்றார் அவர். "காப்பி நல்லாருக்கு. நாளைக்கும் வருவேன்."

வந்தார். வாரம் மூன்று நாள் வந்தார். கவுண்டர் ஓரத்தில் உட்கார்ந்து, பொருளைத் தேடி வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்று பிரசங்கம் செய்தார். அவள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே ரொட்டி சுட்டுக் கொண்டுவர ஆரம்பித்தாள். தொலைத்தவர்கள், தேடுகிறவர்கள், கிரெஸ்டென் எல்லோருமாகக் கீழே ஒரு கூட்டம் சேர்ந்தது. அவள் சிரிப்பு மறுபடி மாடிக்குக் கேட்டது. கேட்கும்போது மேலே சிலர் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள் என்று பின்னால் தெரியவந்தது.

குளிர்காலத்தில் தனி அலுவலகத்திலிருந்து சீக்ரிட் என்ற வக்கீல் வந்தார். ஒல்லியான, எதையும் இரண்டு முறை கேட்கிற பெண். ஆஸ்பத்திரியில் எடுத்த காயத்தின் படங்கள் இருந்தன. நாயின் பல்வரிசையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ந்தது, ஆனால் நாயின் பல்லை யார் அச்செடுப்பது? இங்கெலிஸ் பல்டாக்டர் மெரெத்தெயைக் கேட்டாள். தன் டிராம்போனுக்குள் மீன் போன நாளிலிருந்து இந்த வழக்கில் தனக்கும் பங்கு உண்டு என்று மெரெத்தெ உடனே ஒத்துக்கொண்டார்.

ஆகவே ஜனவரியில் ஒரு மதியம், பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் சோஃபுஸ் மல்லாந்து கிடந்தான். வில்லி பின்கால்களைப் பிடித்துக்கொண்டான். இங்கெலிஸ் தலையைப் பிடித்துக்கொண்டாள். சீக்ரிட் தமக்கு நாய் என்றால் சிறுவயதிலிருந்தே ஆகாது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொல்லி, அறை மூலையில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டார். குழந்தைகளுக்கென்று வைத்திருந்த ஸ்ட்ராபெர்ரி வாசனை மாவைக் குழைத்து மெரெத்தெ சோஃபுஸின் வாயில் வைத்தார். சோஃபுஸ் அதை முழுங்கிவிட்டான். இரண்டாவது தடவையும் முழுங்கினான். மூன்றாவது தடவை வாசனை இல்லாத மாவை வைத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

அச்சு காய்ந்ததும் மெரெத்தெ படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பல்லுன்னா வளைஞ்சு இருக்கும், குழி விழும். இது நேர்கோடு, பக்கத்துலயே இன்னொரு நேர்கோடு. தகரத்து விளிம்பு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வாயை நான் பாத்ததில்ல. கதவுக்குப் பல்லு மொளைச்சாத்தான் உண்டு."

சீக்ரிட் ஸ்டூலிலிருந்து இறங்கி, எல்லாவற்றையும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். போகும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டே வந்து, சோஃபுஸின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார்.

வசந்தத்தில் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. டோர்பென் மறுக்கவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே வேலையை விட்டான். சோஃபுஸுக்குப் பரீட்சை வைத்தார்கள், தேறினான். பஸ்ஸில் ஏற்றிய சதையைக் குறைக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது. தன்னைக் கீழே மாற்றியது பழிவாங்கல் என்று இங்கெலிஸ் கொடுத்த புகாருக்கு, வேலைப்பளுவை முன்னிட்டே மாற்றம் செய்யப்பட்டது என்று பதில் வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஹென்னிங் தலைமையகத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே அவருக்கு முன்னதைவிடப் பெரிய அறை, அதிலும் கடல் தெரிந்ததாம். இதைச் சொல்லி இங்கெலிஸ் ஒரு மாலை முழுக்க வில்லியிடம் பொரிந்து தள்ளினாள். அதோடு அதை விட்டாள். அவளுக்கு நாய்ப் பிரிவு திரும்பக் கிடைத்துவிட்டது. முதல்நாள் சீருடையோடு திடலில் சோஃபுஸை ஓடவிட்டபோது, பக்கத்துப் பண்ணையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்குத் தேர்தல் வந்தது. பழையவரே நின்றார். யாரோ கேலிக்கு இன்னொரு பெயரையும் எழுதிப் போட்டிருந்தார்கள். நாய் வக்கீல் என்று மட்டும் எழுதியிருந்தது. இது செல்லுமா என்று கேட்டபோது, யாரைச் சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் செல்லும் என்று முடிவாயிற்று. இங்கெலிஸ் வாபஸ் வாங்கத்தான் நினைத்தாள். தோற்றால்கூட ஒருநாள் சிரிப்புக்கு ஆயிற்று என்று வில்லி சொன்னதால் விட்டுவிட்டாள். ரகசிய ஓட்டு. எண்ணி முடித்தபோது அவள் ஜெயித்திருந்தாள்.

காப்பி அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகத் தன்னைக் கண்டால் பேச்சை நிறுத்தியவர்கள், வணக்கம் சொல்லாமல் படியேறியவர்கள், ரொட்டிக்குக் கூப்பிடாதவர்கள். இவர்களில் பாதிக்கு மேல் பேர் திரைக்குப் பின்னால் தன் பெயருக்கு நேரே குறி போட்டிருக்கிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்தன. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அப்புறம் தன்னுடைய அந்தச் சனிக்கிழமையும் ஞாயிறும் ஞாபகம் வந்தன. கோபம் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த வாரங்களில் ஒவ்வொருவராக வந்து, வண்டி நிறுத்துமிடத்திலோ படிக்கட்டு வளைவிலோ நின்று, நான் உனக்குத்தான் போட்டேன் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்குள் அப்படிச் சொன்னவர்களின் எண்ணிக்கை அவளுக்கு விழுந்த ஓட்டுகளைத் தாண்டிவிட்டது. பழைய பிரதிநிதியும் வந்து சொன்னார்.

டோர்பெனை அவள் அதற்குப் பிறகு நேரில் பார்க்காமலே இரண்டு வருஷம் ஓடியது. சின்ன ஊரில் அது சுலபமில்லை, இருவருமே முயற்சி எடுத்துக்கொண்டார்கள். அவன் தங்கை மளிகைக் கடையில் இருந்தாள். இங்கெலிஸ் வரிசையில் நின்றால் கல்லாவை மூடிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதனால் இங்கெலிஸ் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தாள். அதில் மட்டும் அவளுக்கு வருத்தம் தீரவில்லை, அந்தக் கடையின் பாலாடைக்கட்டி நன்றாக இருக்கும்.

பிறகு ஒரு பிப்ரவரி ஞாயிறு, வில்லியின் தங்கை மகள் ஆடுகிறாள் என்று ஹேண்ட்பால் அரங்கத்துக்குப் போனாள். வில்லிக்குப் பஸ் முறை இருந்தது, தனியாகத்தான் போனாள். எதிரணியின் பயிற்சியாளன் டோர்பென் என்பது உட்கார்ந்த பிறகே தெரிந்தது. அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். இளைத்திருந்தான், ஆனால் நன்றாகத் தூங்குகிறவன் முகம். எழுந்து போய்விடலாமா என்று அவள் யோசிக்கும்போதே இடைவேளை விட்டார்கள். அவன் படியேறி வந்து, ஒரு இருக்கை விட்டு உட்கார்ந்தான். கையில் இரண்டு காப்பி.

"பால் ஊத்தல," என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் கீழே வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபடி குடித்தார்கள். அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"உன் மேல ரொம்ப நாள் கோவமா இருந்தேன் இங்கெ. இப்பவும் சில நாள் காலையில எந்திரிக்கும்போது இருக்கு. பல்லு வெளக்கி முடிக்கிறதுக்குள்ள போயிடும்."

"எனக்கும்தான். நீ அந்தப் பன்னோட வந்தியே, அதுக்கு."

"முதல் தடவை சாத்தினது மட்டும்னா, நானே போய் ஹென்னிங்கிட்ட சொல்லியிருப்பேன். கோவத்துல கை தவறிடுச்சுன்னு சொல்லலாம். ரெண்டாவது தடவை கை உள்ள இருக்குன்னு தெரியும். அத எப்படி என் வாயால சொல்றதுன்னு தெரியல." கோப்பையைச் சுழற்றினான். "நீ சொன்னே. நான் சொல்ல வேண்டியத நீ சொன்னே. அதுதான் கோவமே."

 அவன் தோளைத் தட்டலாமா என்று அவளுக்குத் தோன்றியது, தட்டவில்லை. கிரெஸ்டெனைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். வாசலில் நிற்கவைத்தே ஒரு மணி நேரம் திட்டினாராம். முடித்துவிட்டு, இவ்வளவு நேரம் நின்று கேட்கிறவன் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை, அடுத்த வாரமும் வா என்றாராம்.

"போனியா?"

"போகாம? உட்கார வெச்சுத் திட்டினார்."

அவள் சிரித்த சிரிப்பில் அரங்கத்தின் மறுகோடியில் நடுவர் திரும்பிப் பார்த்தார். விசில் ஒலித்தது. டோர்பென் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான். இரண்டாம் பாதியில் அவன் அணி முந்திக்கொண்டது. நடுவர் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று இங்கெலிஸ் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் கீழேயிருந்து திரும்பி, நன்றாகத்தான் பார்த்தார், நீ உட்கார் என்று கைகாட்டினான். அவள் உட்காரவில்லை.